நாற்பதுக்கு மூன்று

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மூக்குச் சதை ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா, ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்துக் கோப்புகளைக் கவனிக்கும் நர்ஸ், விடைத்தாள்களைச் சரிபார்க்கும் புள்ளிவிவரக்காரர், ஓய்வு பெற்ற பாய்லர் இன்ஸ்பெக்டர், அவருடைய ஒரே தங்கை, தங்கையின் கணவர். நாற்காலிகள் ஐந்துதான் இருந்தன. தங்கையின் கணவர் ஜன்னலோரம் நின்றுகொண்டார். உட்கார்ந்தவர்களில் நான்கு பேர் சாய்ந்து உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் நாற்காலியின் முதுகு தன் முதுகில் படாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கேயும் அப்படித்தான் உட்காருவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான்.

மேஜைமேல் அவருடைய வாசனைப் புத்தகம் கிடந்தது. நாற்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பழுப்புப் பட்டை ஒட்டியிருக்கும். பென்சில் முனையால் சுரண்டினால் அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். மேலே நான்கு பெயர்கள் அச்சடித்திருக்கும். அவற்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைக் குறித்தே ஆக வேண்டும், பக்கத்தைக் காலியாக விடக் கூடாது என்பது அங்கே சட்டம். போன வாரம் பக்கத்து அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு அவர் நாற்பதையும் முடித்திருந்தார்.

டாக்டரம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஐயா, கேமராக் குழாய் விட்டுப் பார்த்தது சரியா இருக்கு. ரெண்டு பக்கமும் சதை நல்லா இறங்கியிருக்கு. ஸ்கேனும் சரி. இந்தப் புத்தகத்துலதான் ஒரு சிக்கல்."

"எத்தனை வந்திருக்கு?"

"மூணு."

"நாற்பதுக்கு மூணா?" என்றார் ஜன்னலோரம் நின்றவர். "மச்சான், நான் பத்தாம் வகுப்பைப் பாதியில விட்டவன். நான்கூட இவ்வளவு கம்மியா வாங்கினதில்ல."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் தங்கை, திரும்பிப் பார்க்காமலே.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "மூக்கு செத்துப்போனவனுக்கு மூணு வந்தா அதுல என்ன சிக்கல்? அது செத்துப்போச்சுன்னுதானே இங்க வந்திருக்கேன்."

அவர் குரல் பானைக்குள் இருந்து வருவது போல வந்தது. முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலைத் தொழிற்சாலையாக ஏறி இறங்கி, கொதிகலன்களின் வயிற்றுக்குள் தவழ்ந்து போய், இரும்புத் தகட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி ஓசை கேட்டு, இது தாங்கும், இது தாங்காது என்று எழுதிக் கொடுத்த மனிதர். தொழிலாளர்கள் அவருக்கு 'சுத்தியல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலாளிகள் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள், அவை எழுதத் தக்கவை அல்ல. ஆனால் அவர் கையெழுத்து இருந்தால் அந்தக் கொதிகலன் பக்கத்தில் பிள்ளையைப் படுக்க வைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் குடும்பத்துக்குத் தோட்டம் துரவு கிடையாது. இருந்த சொத்து அந்தப் பேச்சு ஒன்றுதான்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் மூக்கில் சதை வளர ஆரம்பித்தது. உரித்த திராட்சை போல வெளுப்பாக, வழுவழுப்பாக, கொத்துக் கொத்தாக. முதல் தடவை வெட்டி எடுத்தார்கள். மூன்று வருஷத்தில் திரும்ப வந்தது. இரண்டாம் தடவை எடுத்தார்கள், இரண்டு வருஷம் தாங்கியது. மூன்றாம் தடவைக்குப் பதினாலு மாதம். இப்போது மூச்சு முழுக்க வாய் வழியாகத்தான். படுத்தால் அடைத்துக்கொள்கிறது என்று மூன்று தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். மனைவி போனபிறகு தங்கை வீட்டில்தான் இருப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சுக்கு இழுக்கும் சத்தம் தங்கைக்குக் கேட்கும்.

அதனால்தான் இந்த ஆராய்ச்சி. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, ஒரு வருஷம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் நீர். யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. ஆனால் வருஷம் முடிந்ததும் எல்லாருக்கும் மருந்தே போடுவார்கள். சதை மறுபடி வளராமல் தடுக்கும் என்று நம்புகிறார்கள். கடையில் கிடைக்கிற மருந்து அல்ல அது, உள்ளே சேர்ந்தால்தான் உண்டு. சேர மூன்று நிபந்தனை: சதை இவ்வளவு இருக்க வேண்டும், ஸ்கேனில் இவ்வளவு அடைத்திருக்க வேண்டும், வாசனைப் புத்தகத்தில் பதினெட்டும் அதற்குக் கீழும் எடுத்திருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனை தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றுதான் இன்ஸ்பெக்டர் நினைத்திருந்தார்.

இதுவரை பேசாமல் இருந்த புள்ளிவிவரக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இளைஞர். ஆளைப் பார்த்துப் பேசிப் பழக்கம் இல்லாதவர் போல புத்தகத்தைப் பார்த்தே பேசினார்.

"வாசனையே தெரியாதவங்களுக்கு மூணு வராது, சார். பத்து வரும்."

"எப்படி?"

"பக்கத்துக்கு நாலு பெயர். கண்ணைக் கட்டிக்கிட்டுக் குறிச்சாலும் நாலுல ஒண்ணு தானா விழும். நாற்பதுக்குப் பத்து. எட்டு வரலாம், பன்னிரண்டு வரலாம். அஞ்சும் அதுக்குக் கீழயும் வந்தா..." நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"சரியான விடை எதுன்னு மூக்குக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுக்கிட்டே அதைத் தள்ளியிருக்கணும். அப்பதான் அவ்வளவு கீழ போகும்."

நர்ஸ் கோப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். ஜன்னலோரம் நின்றவருக்கும் வாயில் ஒன்றும் வரவில்லை. இருபது வருஷத்தில் அது இரண்டாம் தடவை.

"நான் மருந்துக்காகப் பொய் சொன்னேன்கறீங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் அப்படிச் சொல்லல ஐயா" என்றார் டாக்டரம்மா.

"கோப்புல என்ன எழுதுவீங்க?"

டாக்டரம்மா தயங்கினார். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார். "நம்பத் தகாத விடைகள்னு எழுதணும். அப்படி எழுதினா சேர்க்க முடியாது."

தங்கை எழுந்துவிட்டாள். "எங்க அண்ணனையா? யாரைப் பார்த்து என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? சின்ன வயசுல நான் பாலைக் கொட்டிட்டுப் பூனை மேல பழி போட்டதுக்கே என்கிட்ட ஒரு வாரம் பேசாம இருந்த மனுஷன் இவர்!"

"உட்காரும்மா" என்றார் அவர். அவள் உட்கார்ந்தாள். ஐம்பத்தெட்டு வயதிலும் அண்ணன் அந்தக் குரலில் சொன்னால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அவர் நர்ஸ் பக்கம் கையை நீட்டினார். "ஒரு பென்சில் கொடும்மா. சுரண்டாத பக்கம் ஒண்ணும் கொடு. எப்படிப் போட்டேன்னு கண்ணெதிரேயே காட்டறேன்."

நர்ஸ் பழகிக்கொள்ளக் கொடுக்கும் மாதிரித் தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். அவர் பட்டையைச் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோய், வாயை மூடிக்கொண்டு, மிகுந்த சிரமத்துடன் இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பெயர்களைப் படித்தார். பெட்ரோல், எலுமிச்சை, புகை, ரோஜா. பென்சில் ஒரு கணம் எலுமிச்சைமேல் நின்றது. அங்கிருந்து நகர்ந்து ரோஜாவைக் குறித்தது.

"ரோஜாவா ஐயா?" என்றாள் நர்ஸ்.

"இல்ல. ரோஜான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பின்ன ஏன் போட்டீங்க?"

"ஏதாவது ஒண்ணு போட்டாகணும்னு நீதானே சொன்ன."

"முதல்ல எலுமிச்சைகிட்ட போனீங்களே?"

"போனேன். ஏதோ லேசா அப்படி ஒண்ணு தோணிச்சு. நிச்சயமா இல்ல. எழுத்தைப் படிச்சதால மனசு பண்ற சேட்டையா இருக்கும். தோணினதைத் தெரிஞ்ச மாதிரி எழுதலாமா? அது பொய் இல்லையா? தெரியாதுன்னா தெரியாததைத்தான் குறிக்கணும். அதனால தோணினதை விட்டுட்டு வேற ஒண்ணைப் போட்டேன். நாற்பதும் அப்படித்தான் போட்டேன்."

புள்ளிவிவரக்காரர் முதன்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. போன வருஷம் ஒரு மத்தியானம் இன்ஸ்பெக்டர் புகை நெடி அடிக்கிறது என்று சொல்லி, வீட்டில் இருந்த அத்தனை பேரையும் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். எதிர்வீட்டுக்காரர்கள் வாளியோடு ஓடி வந்தார்கள். புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. "மச்சான் மூக்குக்கு நெடி இன்னிக்கே வந்துடும், தீ அடுத்த வருஷம்தான் வரும்" என்று தங்கை கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அதற்கு ஒரு மாதம் கழித்து, அடுப்பில் வைத்த பாத்திரம் தண்ணீர் வற்றி அடி கருகி, அறை முழுக்கப் புகை மண்டியபோது, அங்கேயே நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றோடு அவர் தன் மூக்கை நம்புவதை விட்டுவிட்டார். கோளாறான அழுத்தமானியை நம்பி எந்த இன்ஸ்பெக்டரும் எழுத மாட்டான். மானி பழுது என்றால் அது காட்டுவதை எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். அதைத்தான் அவர் வாசனைப் புத்தகத்திலும் செய்திருந்தார்.

"ஐயா" என்றார் டாக்டரம்மா மெதுவாக, "நீங்க தள்ளினீங்களே, அந்த லேசான தோணல், அதைத்தான் நாங்க அளக்கறோம். நிச்சயம் வேணாம் எங்களுக்கு. தோணினாப் போதும்."

"அதை யாரும் சொல்லலையே."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லல ஐயா. ஏதாவது ஒண்ணைப் போடுங்கன்னுதான் சொன்னேன்."

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் புள்ளிவிவரக்காரர்.

"மன்னிப்பு எதுக்கு? எழுதப் போற வார்த்தையை எழுதாம இருங்க, போதும்."

"அதுக்கு ஒரே வழிதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "இன்னொரு புத்தகம் இருக்கு, வேற வரிசை. இன்னிக்கே போடலாம். தோணினதைத் தோணினபடி போடுங்க. அந்த எண்தான் கோப்புல நிக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. இவ்வளவு தள்ளத் தெரிஞ்ச மூக்குல கொஞ்சம் உயிர் இருக்குன்னு அர்த்தம். பதினெட்டுக்கு மேல வந்துட்டா சேர்க்க முடியாது. தெரிஞ்சுக்கிட்டுச் சரின்னு சொல்லுங்க."

"புத்தகத்தை எடுத்து வைங்க" என்றார் அவர்.

புத்தகம் மேல்மாடியிலிருந்து வர அரை மணி ஆகும் என்றார்கள். வெளியே நடையில், சுவரோடு பதித்த பிளாஸ்டிக் இருக்கைகளில் மூவரும் உட்கார்ந்தார்கள். தங்கையின் கணவர் தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். அவருக்கும் நேரம் காலம் தெரியும், வாய்தான் தெரியாதது போல நடிக்கும்.

தங்கை அண்ணன் பக்கம் சாய்ந்தாள். "அண்ணா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"பன்னிரண்டு வந்தாப் போதும். எப்படி வரவைக்கறதுன்னு இப்ப உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. கொஞ்சத்தைத் தோணினபடி போடுங்க, கொஞ்சத்தை விட்டுடுங்க."

அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லுங்கன்னு சொல்லல நான். போன வாரம் போட்ட மாதிரிதானே? போன வாரம் அது பொய் இல்லையே?"

"போன வாரம் எனக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரியும்."

"யாருண்ணா பார்க்கப் போறாங்க?" அவள் குரல் உடைந்தது. "மூணு தடவை ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உட்கார்ந்தவ நான். நீங்க மூச்சுக்கு இழுக்கறதைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கிறவளும் நான்தான். உங்க மானம் உங்களுக்குப் பெருசு. எனக்கு நீங்க பெருசு."

அவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாயை மூடிக்கொண்டு நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துவிட்டுப் படுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது அவருக்குத்தான் தெரியும். கல்லால் செய்த ஆள் என்று ஊரார் நினைத்துக்கொண்டால் அது அவர்கள் தப்பு.

தங்கை பக்கம் திரும்பிச் சொன்னார். "இந்த மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு நாளைக்கு ஒரு காகிதம் வரும். அதை நம்பி யாரோ ஒருத்தன் தன் பிள்ளைக்கு ஊசி போடுவான். அந்தக் கணக்குல என் எண்ணும் இருக்கும். தட்டிப் பார்க்காத தகட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லம்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கோபமாக, "அப்பாவே பரவாயில்ல" என்றாள்.

"அப்பா என்னைவிட மோசம்."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

பக்கத்து அறையில் அவருக்குத் தனி மேஜை போட்டார்கள். நர்ஸ் இந்த முறை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நிச்சயம் இல்லாட்டியும் பரவாயில்ல. எது முதல்ல தோணுதோ, அது." அவர் தலையசைத்தார். முதல் பக்கத்தைச் சுரண்டினார்.

சிரமமாகத்தான் இருந்தது. சந்தேகத்தை எழுத அவர் கை பழகவில்லை. சோப்பு என்று தோன்றியது, குறித்தார். அடுத்ததில் ஒன்றும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தார். புதினா. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. டர்பன்டைன், இது கொஞ்சம் அழுத்தமாகவே. ஒன்பதாவது பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது. அவர் பெயர்களைப் படிக்கும் முன்பே அது வந்துவிட்டது. தோல். பழைய, எண்ணெய் ஏறிய தோல். அவருடைய சுத்தியல் பையின் நெடி. நான்கு வருஷமாக அந்தப் பையை அவர் எத்தனையோ தடவை முகத்தருகே வைத்துப் பார்த்திருக்கிறார், ஒன்றும் வந்ததில்லை. இப்போது ஒரு காகிதத்திலிருந்து, கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பது போல, வந்து நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பட்டியலில் மூன்றாவதாகத் 'தோல்' என்று இருந்தது. குறித்தால் சேர்க்கைக்கு ஒரு படி தூரம். விட்டால் ஒரு படி பக்கம். பென்சிலின் கூர் காகிதத்தைத் தொடாமல் அதன்மேல் இருந்தது.

தோலைக் குறித்தார்.

இருபதாம் பக்கம் வரை அவர் மனம் எண்ணிக்கொண்டே வந்தது. அதற்குமேல் எண்ணுவதை நிறுத்தினார். எண்ணினால் கை அங்கே இங்கே சாயும் என்று அவருக்குத் தெரியும். நாற்பதும் முடிந்தபோது முதுகு வியர்த்திருந்தது.

திருத்துவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடி அதே ஆறு பேர், அதே ஐந்து நாற்காலி. டாக்டரம்மா எண்ணைச் சொல்வதற்கு முன்பே புள்ளிவிவரக்காரரின் முகத்தில் அது தெரிந்தது.

"இருபத்தொண்ணு, ஐயா."

தங்கை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூணு அதிகம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூணு அதிகம்."

"கோப்புல என்ன எழுதுவீங்க?"

டாக்டரம்மா எழுதி, தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். 'வாசனை மதிப்பெண் வரம்புக்கு மேல் உள்ளது. சேர்க்க இயலாது.' அதற்குக் கீழே, சட்டத்தில் இல்லாத ஒரு வரியைத் தானே எழுதியிருந்தார்: 'முதல் புத்தகம் செல்லாதது எங்கள் விளக்கக் குறைவால்.' அவர் இரண்டு முறை படித்தார். பேனாவை வாங்கி, நோயாளி என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் அந்தக் கையெழுத்தில் ஒரு சுழி மாறவில்லை.

"வாங்க மச்சான்" என்றார் தங்கையின் கணவர், ஜன்னலைவிட்டு வந்து. "வெளிய ஏதோ நெடி அடிக்குது. என்னன்னு நீங்கதான் இனிமே சொல்லணும்." யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் மச்சானின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அதற்குமுன் அவர் அதைச் செய்ததில்லை.

அதன்பிறகு ஏழு வாரம் கழித்து நான்காம் தடவையாக வெட்டி எடுத்தார்கள். கட்டுப் பிரித்ததும் மூச்சு வந்தது. குரலும் பானையைவிட்டு வெளியே வந்தது. உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில் அவர் வாயை மூடிக்கொண்டு மாடிப்படி ஏறியதைப் பார்த்தவர்கள், ஆராய்ச்சி ஊசியைப் பின்வாசல் வழியாக வாங்கிப் போட்டுக்கொண்டார், டாக்டரம்மா வேண்டியவர், அதனால்தான் இவ்வளவு தெளிவு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பேசுகிறார்கள்.

அது சரியல்ல. அவருக்கு அந்த ஊசி போடவில்லை. ஒன்றுகூடப் போடவில்லை. டாக்டரம்மா அவருக்கு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. இப்போது வருகிற மூச்சு ஆபரேஷனால் வருவது. சதை திரும்ப வளரத் தொடங்கிவிட்டது என்று போன மாதம் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.